ஒரு பானைக்குத்தான் இடம்: விகானா, சான் நிக்கோலாஸா?

அக்கா மகள் பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வடக்கே இலோகோஸ் பக்கம் நாலு நாள் சுற்றப் போவதாகச் சொன்னவள், "சித்தி, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டாள். மண்பானை என்றேன். சிரித்துவிட்டாள். "நம்ம ஊர்ல இல்லாத பானையா? விமானத்துல வேற தூக்கிட்டு வரணுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். "பெட்டியில ஒண்ணுக்குத்தான் இடம். விகான்லயும் பானை செய்றாங்களாம், சான் நிக்கோலாஸ்லயும் செய்றாங்களாம். எது நல்லது?"

எது நல்லது என்று நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் யோசித்தேன். எட்டு வருடங்களுக்கு முன் விகானில் ஒரு சின்ன ஜாடி வாங்கினேன். கரும்பழுப்பு நிறம், தடித்த சுவர், விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி ஒரு நீண்ட ஓசை. எல்லாவற்றிலும் நன்றாக வெந்தது இதுதான், ஆகவே எதையும் தாங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதில் வத்தக்குழம்பு வைத்தேன். கேஸ் அடுப்பில் மிதமான தீதான். பத்து நிமிடம் இருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம். அடியிலிருந்து தோள்பட்டை வரை ஒரே கோடு. குழம்பு பர்னருக்குள் இறங்கி, அடுப்பைச் சுத்தம் செய்யவே அரை நாள் ஆயிற்று. விற்றவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமைக்கலாம் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

அதனால் இந்த இரண்டு ஊர்ப் பானைகளில் எது உசத்தி என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். பானைக்குள் என்ன போடப் போகிறோம், அதன் அடியில் தீ எரியப் போகிறதா இல்லையா, இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் எந்த ஊர் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஏன் என்று புரிய, இரண்டு ஊரிலும் பானையை எப்படிச் சுடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இடம் முதலில். இலோகோஸ் என்பது லூசோன் தீவின் வடமேற்கு ஓரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கோர்டியேரா மலை, நடுவே ஒடுங்கிய சமவெளி. நெல், பூண்டு, புகையிலை விளையும் பூமி. விகான் தெற்கு இலோகோஸின் தலைநகர். ஸ்பானியர் காலத்துத் தெருக்களுக்காக 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். அங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் லாவாக். லாவாக்கில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் சான் நிக்கோலாஸ். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் சொச்சம். ஒரே மொழி, ஒரே சாப்பாடு. ஆனால் பானை விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம்.

விகான்: மாதக்கணக்கில் வைக்கும் ஜாடி

விகானில் செய்வதற்குப் பெயர் புர்னாய். அது செய்யப்படும் பகுதிக்கே பக்புர்னாயான் என்று பெயர். குதிரை வண்டியில் ஊர் சுற்றிக் காட்டுபவர்கள் அங்கே கட்டாயம் ஒரு நிறுத்தம் போடுவார்கள். இந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் சீனக் குடியேறிகள். சக்கரம், உயர்ந்த சூடு, நீளமான சூளை மூன்றும் அவர்கள் வழி வந்தவை. 1990-ல் தேசிய நாட்டுப்புறக் கலைஞர் என்று அரசு கௌரவித்த ஃபிடல் கோ, சீன வம்சாவளியில் வந்த விகான் குயவர்தான்.

மண்ணையும் மணலையும் கலந்து தரையில் பரப்பி, அதன் மேல் எருமையைச் சுற்றிச் சுற்றி நடக்க விடுகிறார்கள். நம் ஊர்க் களத்தில் பிணையல் ஓட்டுவது போலத்தான். எருமை மிதித்த மண் சக்கரத்துக்குப் போகிறது. பெரிய ஜாடி என்றால் ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற மற்றவர் மண்ணை ஏற்றுவார். காய்ந்த ஜாடிகள் சரிவில் படுத்திருக்கும் நீண்ட செங்கல் சூளைக்குள் அடுக்கப்படும். டிராகன் சூளை என்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் பாம்பின் வயிற்றுக்குள் நிற்பது போல இருக்கும். கீழ் முனையில் மூட்டிய தீ மேல் முனை வரை ஜாடிகளுக்கு இடையே புகுந்து ஏறிப்போகும். இந்த மாதிரி ஜாடி இறுக 1,200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, இடையில் இருக்கும் துளைகளை அடைத்துவிடும். மேலே பூச்சு எதுவும் இல்லாமலே தண்ணீர் கிட்டத்தட்டக் கசியாத ஜாடி கிடைப்பது இதனால்தான். பூச்சே இல்லாததால் ஈயம் கலந்திருக்குமோ என்ற பயமும் இல்லை.

இந்த ஜாடி இல்லாமல் இலோகோஸ் சமையலறை இல்லை. மீனையும் உப்பையும் சேர்த்து ஊறவைக்கும் பகோங், கரும்புச்சாற்றில் செய்யும் கறுத்த வினிகர், அதே கரும்புச்சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைக்கும் பாசி என்ற மது, எல்லாம் புர்னாயில்தான் மாதக்கணக்கில் கிடக்கும். பாசி என்றதும் குளத்துப் பாசியை நினைக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது உயிர். 1786-ல் ஸ்பானிய அரசு அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வீட்டில் காய்ச்சுகிறவன் கூடத் தான் குடிப்பதைக் கடையில் வாங்க வேண்டும் என்று வந்தபோது மனதில் கறுவிக்கொண்டே இருந்தவர்கள், 1807-ல் கலகமே செய்துவிட்டார்கள்.

ஆக புர்னாய் என்பது காலத்தைத் தாங்கும் ஜாடி. உப்பு, புளிப்பு, புளித்த வாடை எதுவும் அதன் சுவருக்குள் ஏறாது. இதையே சாதாரண மண்பானையில் செய்தால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். உப்புப் பானையின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கும். உப்பு நீர் துளை வழியே வெளியே வந்து காய்ந்து, படிகமாகி, சுவரைச் சிறிது சிறிதாக உரித்துவிடும். இரண்டு மூன்று வருடத்தில் பானை பொருக்குத் தட்டும்.

சான் நிக்கோலாஸ்: தட்டி எடுத்த பானை, திறந்தவெளித் தீ

இப்போது வடக்கே போவோம். சான் நிக்கோலாஸில் மண் வேலைக்குப் பெயர் டாமிலி. ஊர்த் திருவிழாவுக்கே டாமிலி விழா என்றுதான் பெயர். (தமிழுக்கும் இதற்கும் ஒலியைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. யாரும் இதை வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆக்கிவிட வேண்டாம்.) விகானில் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இங்கே பானை பெண்கள் கையில். அம்மாவிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு.

செய்யும் முறையை நம் ஊர் வேளாரிடம் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. முதலில் வாயும் கழுத்தும் சரியாக வந்துவிடும். ஈரத் துணியால் விளிம்பை மழுக்கிவிடுவார்கள். அடிப்பக்கம் மட்டும் தடித்த மண்ணாகவே கிடக்கும். கொஞ்சம் உலர்ந்து தோல் போல ஆனதும், உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டத் தொடங்குவார்கள். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே மண் மெலிந்து, அகன்று, உருண்டு வரும். நான் பார்த்த அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பானையை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே தட்டினார். ஒரே தாளம். பக்கத்து வீட்டுக்காரியுடன் பேசிக்கொண்டிருந்தார், ஒரு தடவை கூடத் தாளம் தப்பவில்லை. நடுவில் நிறுத்தி ஓர் இடத்தில் மட்டும் மூன்று தட்டு கூடப் போட்டார். அந்த இடம் தடிமனாக இருக்கிறது என்று கையிலிருந்த கல் சொல்லியிருக்க வேண்டும், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தட்டல் அழகுக்காக மட்டும் இல்லை. மண்ணுக்குள் சிக்கிய காற்றையும் பிரிவுகளையும் அமுக்கி, எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக, மூலையே இல்லாத உருண்டை அடியை அது தருகிறது. சமையல் பானைக்கு இவை மூன்றும் அவசியம். மண்ணில் மணல் கலப்பதும் இதற்குத்தான், அதை அப்புறம் சொல்கிறேன்.

பிறகு தீ. பானை சுடுவதை அந்தப் பக்கத்து மொழியான இலோகானோவில் கெப்பா என்கிறார்கள். சூளைச் சுவர் இல்லை, கூரை இல்லை, புகைபோக்கி இல்லை. வெட்டவெளியில் ஒரு திட்டு, அவ்வளவுதான். நான் போன நாள் காலையில் பானைகள் வெயிலில் கிடந்தன. அரை மணிக்கு ஒரு முறை யாராவது வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார்கள். சும்மா காயவைக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் சுடும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. பானைச் சுவருக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தீயில் அது ஆவியாகிச் சுவரைப் பெயர்த்துவிடும். சூளையில் என்றால் மெல்ல மெல்லச் சூடேற்றி ஈரத்தை விரட்டலாம். திறந்தவெளித் தீக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே வெயில்தான் அங்கே முதல் சூளை.

கீழே விறகும் மூங்கிலும் ஒரு படுக்கை. அதன் மேல் பானைகள், வாய் பக்கவாட்டில் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி. நாற்பதுக்கு மேல் இருக்கும். இடுக்குகளில் சுள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல், கூரை வேய்வது போலத் தடிமனாக. அந்த மொழியில் வைக்கோலுக்கு கராமி என்று பெயர். நெல் விளையும் ஊரில் அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. இந்த வைக்கோல் எரிபொருள் மட்டும் இல்லை, மூடியும் அதுதான். எரிந்த வைக்கோல் சாம்பலாக அப்படியே படிந்து, உள்ளே இருக்கும் கனலுக்கு மேல் ஒரு போர்வை போல நிற்கும். எங்கே சாம்பல் விலகிச் சிவப்பு தெரிகிறதோ அங்கே உடனே இன்னொரு கை வைக்கோல் விழும். காற்று அடிக்கும் பக்கம் ஒருத்தி எப்போதும் நின்றாள். சுவர் இல்லாத சூளைக்கு அவள்தான் சுவர்.

நடுவில் ஒரு முறை 'பட்' என்று உள்ளே ஏதோ வெடித்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. நீண்ட கழியைப் பானை வாய்க்குள் விட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்கள். ஒரு பானை உடைந்திருந்தது. இன்னும் இரண்டின் வயிற்றில் கறுப்புத் திட்டு. விறகு ஒட்டிக் கிடந்த இடத்தில் காற்றுப் போகாமல் கரி ஏறிவிட்டால் அப்படி ஆகும். கடைக்காரர்களுக்கு அது குறை. எனக்கு அந்தக் கறுப்புத் திட்டுத்தான் பிடித்திருந்தது, அதைத்தான் வாங்கினேன். பேரம் பேசாமலே விலையும் குறைந்தது.

இந்த மாதிரித் தீயில் சூடு 600-லிருந்து 900 டிகிரிக்குள் ஏறி இறங்கும். பானைக்குப் பானை, ஒரே பானையில் இடத்துக்கு இடம் கூட மாறும். மண்ணோடு பிணைந்திருக்கும் நீர் சுமார் 500, 600 டிகிரியில் விலகிவிடும். அதற்குப் பிறகு அது மறுபடி சேறாக முடியாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று நாம் சொல்வது அந்த எல்லையைத்தான். சான் நிக்கோலாஸ் பானை அந்த எல்லையைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. துளைகள் திறந்தே இருக்கின்றன. சுண்டினால் மணி ஓசை வராது, 'டொக்' என்றுதான் கேட்கும்.

'டொக்' என்பதுதான் அடுப்பில் நிற்கும்

என் குழம்பு ஏன் கொட்டியது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அடுப்பில் வைத்த பானையின் அடி சூடாகி விரிகிறது. தோளும் கழுத்தும் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றன. இந்த இழுபறியில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் பிறக்கத்தான் செய்யும். புர்னாய் மாதிரி இறுகிக் கண்ணாடியான சுவரில் அந்த விரிசலைத் தடுக்க எதுவும் இல்லை. ஒரே ஓட்டமாக மேலே போய்விடும். தட்டி எடுத்த பானையில் அது ஓடத் தொடங்கியதும் ஒரு துளையில் முட்டும், அல்லது ஒரு மணல் துகளில் முட்டும். அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று பிறக்கும், அதுவும் நிற்கும். அந்தப் பானைச் சுவர் முழுக்க ஓடாத விரிசல்கள்தான். மணலைக் கலந்தது இதற்காகவும்தான். மெல்லிய சுவர், மூலையில்லாத உருண்டை அடி எல்லாம் சேர்ந்து சூட்டைச் சமமாகப் பரப்புகின்றன.

குறைவாக வெந்தது மட்டமானது என்று நினைப்பது நம்மில் பலருக்கு இருக்கும் பழக்கம். சமையல் பானைக்கு அதுதான் சரியான வேக்காடு. இன்னும் 300 டிகிரி ஏற்றினால் பானை கெட்டியாகும், அடுப்புக்கு உதவாது.

சான் நிக்கோலாஸ் போனால் மூன்று சாமான்கள் முன்னால் நிற்கும். பாங்ஙா என்பது சமையல் பானை. (நம் 'அங்ஙனம்' போல உச்சரிக்க வேண்டும்.) கராம்பா என்பது தண்ணீர்ப் பானை. டலிகான் என்பது மண் அடுப்பு, பானையைத் தாங்க மூன்று குமிழ்கள் வைத்தது.

இவற்றில் டலிகானை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அழகுதான். ஆனால் கனம், நீட்டிக்கொண்டிருக்கும் இடமெல்லாம் விமானத்தில் உடையும், வந்து சேர்ந்தாலும் அடுக்குமாடி வீட்டில் விறகு மூட்டவா போகிறோம்? கராம்பாவும் வேண்டாம். அதன் வேலை நம் ஊர்ப் பானையின் வேலையேதான். துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். அதைச் செய்ய மானாமதுரைப் பானை போதும், மணிலாவிலிருந்து எதற்கு?

பாங்ஙா வேறு. அதன் வடிவத்துக்குப் பின்னால் ஒரு சமையல் இருக்கிறது. பினக்பெட் என்ற கூட்டு இலோகோஸின் அடையாளம். கத்தரிக்காய், பாகற்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாவற்றையும் பானையில் அடுக்கி, பகோங் ஊற்றி, தண்ணீர் கொஞ்சமாக வைத்து மூடிவிடுவார்கள். பெயருக்குப் பொருளே சுருங்கியது என்பதுதான். காய் சுருங்கும் வரை வேக வேண்டும், ஆனால் கரண்டி போடக் கூடாது. பானையைக் கழுத்தோடு பிடித்துக் குலுக்கித்தான் கிளற வேண்டும். அதற்குத்தான் உருண்டை அடி, அதற்குத்தான் வெளியே மடிந்த கழுத்து. தட்டையான பாத்திரத்தில் குலுக்கிப் பாருங்கள், பாதிக் காய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் புளிக்குழம்பு, கீரை மசியல், மீன் குழம்பு எல்லாம் இதில் அருமையாக வருகின்றன. எண்ணெய் மட்டும் முதல் சில முறை கொஞ்சம் கூடக் குடிக்கும்.

அலுமினியம் வந்த பிறகும் இந்த வகைப் பானை ஏன் பிழைத்திருக்கிறது என்று கேட்டால், கிழக்கே மலையில் இருக்கும் கலிங்கா மக்களிடம் ஒரு விடை இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் லாங்கேக்கர் 1973-லிருந்து பல ஆண்டுகள் அவர்களுடைய மண்பானைகளை ஆராய்ந்தவர். அவர்களிடம் சோற்றுக்கு ஒரு பானை, காய்கறிக்கும் இறைச்சிக்கும் வேறு பானை. சோற்றுப் பானையின் இடத்தை அலுமினியம் முதலில் பிடித்துக்கொண்டது. காய், இறைச்சிப் பானை மட்டும் பிறகும் மண்ணாகவே நீடித்தது. நின்று நிதானமாக வேக வேண்டியவற்றுக்கு உலோகம் அவசரப்படுத்திப் பொங்க வைத்துவிடும். என் வீட்டிலும் இதே நிலைதான். சோறு குக்கரில், குழம்பு மட்டும் சட்டியில்.

அப்படியானால் எதை வாங்குவது?

ஊறுகாய், உப்பு நார்த்தை, மாவடு, வீட்டு வினிகர், புளி போன்றவை உங்கள் வீட்டில் நிறைய புழங்கினால் விகான் ஜாடியை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மாவடுவுக்கு நம்மிடமும் பீங்கான் ஜாடி இருக்கிறது, உண்மைதான். ஆனால் பூச்சு இல்லாமல் இப்படி இறுகிய ஜாடி வேறு அனுபவம். வாங்கும்போது சுண்டிப் பாருங்கள். மணி ஓசை வர வேண்டும். அதிர்ந்த, உடைந்த ஓசை வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. பிறகு கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள், அடியில் ஈரம் தெரிகிறதா என்று. சிரமம் பார்க்காமல் கேட்டால் செய்ய விடுவார்கள்.

அடுப்பில் வைக்கத்தான் வேண்டும் என்றால் பாங்ஙா. இங்கே சுண்டிப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாமே 'டொக்'தான். வாய்க்குள் தலையை விட்டு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் துருத்திக்கொண்டு நின்றால் வேண்டாம். மண்ணில் சுண்ணாம்புக் கல் இருந்தால் தீயில் அது நீறாகி, பின்பு ஈரத்தை உறிஞ்சி ஊதி, சுவரைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். கறுப்புத் திட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நம் பாட்டிமார் செய்ததையே செய்யலாம்: ஒரு நாள் தண்ணீரில் ஊற விட்டு, அரிசி கழுநீர் ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்க வைத்து இறக்க வேண்டும். இரண்டு மூன்று முறை. கழுநீரின் மாவு துளைகளில் போய்ப் படிந்து கசிவை நிறுத்தும். உருண்டை அடி கேஸ் அடுப்பில் ஆடும், ஒரு இரும்பு வளையம் வாங்கிக்கொள்ளுங்கள். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

என் ஓட்டு பாங்ஙாவுக்கு. ஜாடி வாழ்நாளுக்கும் இருக்கும், பானை நாலைந்து வருடத்தில் ஒரு நாள் போய்விடும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். ஜாடியை மாதம் ஒரு முறை தொடுவேன். பானையை வாரம் நாலு நாள் தொடுகிறேன்.

வாங்குவதோடு நில்லாமல் வேலையைப் பார்க்கவும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விகானில் சக்கரத்தில் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், படமும் எடுத்துக்கொள்ளலாம், ஜாலியாக இருக்கும். ஆனால் டிராகன் சூளை எரியும்போது நீங்கள் பார்ப்பது அதிர்ஷ்டம். அதை நிரப்ப நூற்றுக்கணக்கில் ஜாடி சேர வேண்டும், சேர்ந்த பிறகுதான் மூட்டுவார்கள். பெரும்பாலும் குளிர்ந்த சூளையைத்தான் பயணிகள் பார்த்துவிட்டு வருகிறார்கள். திறந்தவெளித் தீ சின்ன வேலை. நாற்பது பானை சேர்ந்தால் போதும், வெயில் இருந்தால் போதும். மூட்டுவதிலிருந்து எடுப்பது வரை ஒரு காலைப் பொழுதில் முழுசாகப் பார்த்துவிடலாம்.

இதிலேயே ஒரு கணக்கும் இருக்கிறது. விறகை வீணாக்குவது திறந்தவெளித் தீ என்று சொல்வார்கள். சுவர் இல்லாததால் சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குப் போகிறது, மறுக்க முடியாது. ஆனால் சூளையில் பானை சூடாவதற்கு முன்னால் அத்தனை செங்கல்லும் சூடாக வேண்டும். பாதி காலியாக எரித்தால் அது பெரிய நஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து சந்தைக்கு அனுப்பும் வீட்டுக்கு வைக்கோல் தீ கட்டுப்படியாகும். மொத்தமாகச் செய்து வியாபாரிக்குக் கொடுக்கும் பட்டறைக்குத்தான் சூளை கட்டுப்படியாகும். சான் நிக்கோலாஸ்காரர்களுக்குச் சூளை கட்டத் தெரியாமல் இல்லை. செங்கல்லும் அந்த ஊரில் காலம் காலமாகச் செய்கிறார்கள்.

மண் வேலை பழகுகிறவர்கள் சிலர், இதை நம் வீட்டில் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம். தளம் வெடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு நிற்கும். ஊரில் காலி நிலம் இருந்தால் ஐந்தாறு சின்னச் சட்டிகளோடு முயலலாம். மணல் தாராளமாகக் கலந்த மண், முழுக்கக் காய்ந்த சட்டி, காற்றில்லாத நாள். பாதி உடைந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், எனக்கு முதல் முறை ஆறில் நாலு போயிற்று. மின்சூளை வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுத்துச் சுட்டால் ஆறும் முழுசாக வரும், ஒரே நிறமாக, ஒரு திட்டும் இல்லாமல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்ததை உடையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் மின்சூளைதான். தீயைப் பழக வேண்டும் என்றால் அது உதவாது.

போகும் மாதமும் முக்கியம். மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை அங்கே மழை, அதிலும் புயல். சூளைக்குக் கூரை உண்டு, விகான் ஓரளவு தப்பிக்கும். திறந்தவெளியில் ஈர மண், ஈர வைக்கோல், வெயில் இல்லை, ஒன்றும் நடக்காது. நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் அறுவடை வைக்கோலும் இருக்கும், வெயிலும் இருக்கும். அக்கா மகளின் விடுமுறை டிசம்பரில் என்பதால் பிரச்சினை இல்லை. அவளிடம் லாவாக்கில் ஒரு ராத்திரி கூடத் தங்கச் சொல்லியிருக்கிறேன், காலை எட்டு மணிக்கெல்லாம் சான் நிக்கோலாஸில் இருக்க வேண்டும் என்று.

மூட்டை கட்டுவது பற்றியும் எழுதி அனுப்பினேன். பானைக்குள் சாக்ஸையும் பனியனையும் இறுகத் திணிக்க வேண்டும், வெளியே துண்டு சுற்ற வேண்டும், கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பெட்டியில் போடாமல் கையிலேயே எடுத்து வர வேண்டும். எல்லாம் படித்துவிட்டு அவள் அனுப்பிய பதில்: "சரி சித்தி. பாங்ஙா உங்களுக்கு, ஜாடி எனக்கு. பெட்டியில இருக்கிற புத்தகத்தை எல்லாம் ரூம்மேட்கிட்ட விட்டுட்டு வரேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."